சோகி பரப்பிக் கிரகணம் கணித்தவர்

இயந்திரம் சிந்திக்குமா என்னும் வினா இன்று பல்கலைக்கழக மண்டபங்களைக் கடந்து வட்டக்கச்சி வகுப்பறை வரைக்கும் வந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் சட்ஜிபிடி என்னும் உரையாடற் செயலி பொதுமக்கள் கைக்கு எட்டியதன் பின், கணக்காயினும் கட்டுரையாயினும் கேட்ட மாத்திரத்தே தரவல்ல பொறி ஒன்று மாணவரின் சட்டைப்பையிற் குடியிருக்கின்றது. அது தரும் விடை பெரும்பாலும் சரியாகவே அமைகின்றது. ஆயின் விடை தந்த பொறிக்கு அக்கணக்கு விளங்கிற்றா? இதனை ஆராய்வோர் மேனாட்டு ஆய்வுகூடங்களிலிருந்தே சான்று காட்டுவது வழக்கம். இதே வினா ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர்ப் புதுச்சேரியில், இயந்திரத்தைப் பற்றியன்றித் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுப்பப்பட்டது என்பதைப் பலர் அறியார். அவ்வரலாற்றைக் கூறி, மனிதரின் அறிவையும் திறமையையும் நாம் எவ்வாறு அளந்து வந்துள்ளோம் என்பதை நோக்குதலே இக்கட்டுரையின் கருத்து.

ஜோன் வாரன் (1769–1830) பிறப்பாற் பிரெஞ்சுக்காரர். ஆங்கிலேயரிடம் படைத்துறையிற் சேவித்தவர். சென்னையில் இருந்த வானோக்கு நிலையத்தைச் சில காலம் பொறுப்பேற்று நடத்தியவர். தென்னாட்டு மக்கள் காலத்தைக் கணிக்கும் முறைகளை விரித்து ‘காலசங்கலிதம்’ என்னும் பெருநூல் ஒன்றை 1825ஆம் ஆண்டிற் சென்னையில் வெளியிட்டார். அந்நூலில் அவர் ஒரு செய்தி கூறுகின்றார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், 1825ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாளுக்கும் யூன் முதலாம் நாளுக்கும் இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவர் முன்னிலையிலே கணித்துக் காட்டினார். கையில் ஏடில்லை, எழுத்தாணி இல்லை. தரையிற் சோகிகளைப் பரப்பி, அவற்றைக் கூட்டியும் குறைத்தும் இடம் மாற்றியும், வேண்டிய எண் வாய்பாடுகளையெல்லாம் நினைவிலிருந்தே எடுத்தும் கணக்கை முடித்தார். வாரன் அவர் பெயரைப் பிரெஞ்சுச் செவிக்கு எட்டியவாறு எழுதியுள்ளார்; ‘சாமி நாடென் சாஷியா’ என்பது அவ்வெழுத்துக்களின் ஒலி. சாமிநாத சேஷையர் என்றோ சாமிநாதன் சேஷையா என்றோ இருத்தல் கூடும். தம் பெயர் கூடத் திருத்தமாக நிலைபெறாத ஒருவரைப் பற்றியே உலக அறிவியல் வரலாற்று நூல்கள் இன்றும் பேசுகின்றன.

கணக்கின் பயன் யாதாயிற்று? பரிசத்தில் 4 நிமிடமும், மத்திமத்தில் 23 நிமிடமும், மோட்சத்தில் 52 நிமிடமும் பிழை காணப்பட்டது. சோகியும் நினைவுமன்றி வேறொரு கருவியும் கொள்ளாத ஒருவருக்கு இது சிறிய ஆற்றலன்று. ஆயின் வாரனின் முடிவு வேறு. இந்துக்களின் வானநூற் கொள்கைகளில் ஒரு சொல்லேனும் இவருக்கு விளங்காது. பற்றியதை விடாத நினைவாற்றல் மாத்திரமே இவருக்கு உண்டு. அதன் துணையால் தம் செயல்களை மனத்திலும் தரையிலும் ஒழுங்குற அடுக்கிக் கொள்கின்றார் என்பது அவர் தீர்ப்பு.

இத்தீர்ப்பைச் சீர்தூக்குமுன், அச்சோகிகளின் அடியில் இருந்த கணிதம் எத்தகையது என்பதைக் காணல் வேண்டும். சந்திரன் வானத்தில் நாள்தோறும் ஒரே வேகத்திற் செல்வதில்லை. புவிக்கு அணித்தாய் வரும்போது விரைந்தும், சேய்மையில் மெல்லெனவும் செல்லும். இவ்வேக மாற்றம் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 27.5546 நாள் செல்லும். ஒன்பது சுற்றுக்கு ஏறத்தாழ 248 நாள். வேறுபாடு 13 நிமிட அளவினதே. ஆதலால் 248 நாளுக்குச் சந்திரன் நகர்ந்த தொகையை நாள்வாரியாக ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டால், பின்னர் அதனையே மீண்டும் மீண்டும் எடுத்தாளலாம். எஞ்சும் சிறு பிழையைப் போக்க மேலும் இரண்டு சுழற்சிகள் உள. 110 சுற்றுக்கு 3031 நாள். 449 சுற்றுக்கு 12372 நாள். 3031ஐ நான்கினாற் பெருக்கி 248ஐக் கூட்டினால் 12372 வரும். மாணவர் தாமே போட்டுப் பார்க்கலாம். கணிதர் கலியுக நாட்டொகையிலிருந்து 1600984 என்னும் எண்ணைக் கழித்து, மீதியை 12372ஆல் வகுத்து, அதன் மீதியை 3031ஆல் வகுத்து, அதன் மீதியை 248ஆல் வகுப்பார். ஒவ்வோர் ஈவுக்கும் உரிய துருவத்தைச் சேர்த்து, இறுதி மீதிக்கு எத்தனையாவது வாக்கியம் உரியதோ அதனைக் கூட்டினால் அன்றைய சந்திரன் கிடைக்கும். முறையின் எலும்புக்கூடு இவ்வளவே. கிரகணத்துக்கு இதன்மேலும் பல படிகள் உள.

248 எண்களை ஒருவர் எவ்வாறு மனனஞ் செய்வார்? இங்கேதான் கடபயாதி என்னும் அழகிய உபாயம் உதவிற்று. வடமொழி மெய்யெழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உரிமையாக்கப்பட்டது. ககரத்தில் தொடங்கும் வரிசைக்கு ஒன்று முதல், டகரத்தில் தொடங்கும் வரிசைக்கு ஒன்று முதல், பகரத்துக்கும் யகரத்துக்கும் அவ்வாறே. சொல்லின் எழுத்துக்களை வலமிருந்து இடமாக வாசித்தால் எண் தோன்றும். 248 நாட்சுழற்சிக்குத் ‘தேவரம்’ என்று பெயர்: தே எட்டு, வ நான்கு, ர இரண்டு. 3031க்குக் ‘கலாநிலம்’: க ஒன்று, லா மூன்று, நி சுழியம், ல மூன்று. இவ்வாறே 248 நாளுக்கும் 248 சிறு வாக்கியங்கள். முதல் வாக்கியம் தருவது 12 பாகை 3 கலை. தமிழ் எழுத்திலே தகரம் ஒன்றே நான்கு ஒலிகளுக்கும் நிற்பதால், எழுத்தை மட்டும் கண்டவன் ‘தே’ ஆறோ எட்டோ என்று தடுமாறுவான். ஒலியைக் காதாற் கேட்டவனே தவறான். ஆகவே இவ்வித்தை ஏட்டினும் ஆசிரியர் வாயிலேயே பத்திரமாக இருந்தது எனல் பொருந்தும்.

இவ்வாக்கியங்களை வரருசி என்பார் இயற்றினர் என்பது மரபு. 683ஆம் ஆண்டளவில் ஹரிதத்தர் பரகித முறையை வகுத்தார். 14ஆம் நூற்றாண்டிற் கேரளத்துச் சங்கமக்கிராமத்து மாதவர் பழைய வாக்கியங்களை விகலை வரைக்கும் நுணுக்கி எழுதினார். அவருடைய முதல் வாக்கியம் 12 பாகை 2 கலை 35 விகலை எனக் கூறும். தமிழ்நாட்டு வழக்கிலிருந்த முறையை விளக்கும் ‘வாக்கியகரணம்’ 1300ஆம் ஆண்டையொட்டி எழுந்தது என்பர். அதனைக் குப்பண்ண சாஸ்திரியாரும் கே. வி. சர்மாவும் 1962இற் சென்னையிற் பதிப்பித்தனர். இன்னும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. ஒட்டோ நொய்கெபவர் என்னும் கணித வரலாற்றறிஞர் 1952இல் ‘தமிழர் வானநூல்’ எனும் பொருளில் ஓர் ஆய்வு வெளியிட்டார். வாரன் குறித்து வைத்த சோகிக் கணக்கின் சுழற்சிகள், கிறித்துவுக்கு முற்பட்ட பாபிலோனியக் களிமண் ஏடுகளின் கணித நெறியோடு உறவுடையன என்றும், 248, 3031 ஆகிய அதே எண்கள் உரோமர் காலத்து எகிப்தியக் கிரேக்க ஏட்டிலும் உள்ளன என்றும் அவர் காட்டினார். இதனைக் கேட்டதும் நம்மவருட் சிலர் கடன் வாங்கினோமோ எனக் கூசுவர். வேறு சிலர் நாமே கொடுத்தோம் என வாதிடுவர். இரண்டும் வீண். பாபிலோனியாவில் அந்நெறி களிமண்ணோடு புதைந்து, 19ஆம் நூற்றாண்டிலே தோண்டியெடுக்கப்பட்டது. புதுச்சேரியிலோ அது உயிருள்ள மனிதர் ஒருவரின் விரல்நுனியில் இயங்கிக் கொண்டிருந்தது.

வாரனுக்கு முன்னரும் ஒரு பிரெஞ்சுக்காரர் இதனைக் கண்டார். வெள்ளி சூரியனைக் கடக்கும் நிகழ்வைக் காண வந்து, 1761இற் போர் காரணமாகப் புதுச்சேரியில் இறங்க முடியாமலும், எட்டாண்டு காத்திருந்து 1769இல் முகில் மறைத்தமையாலும் இருமுறையும் இழந்த லெ ஜாந்தி என்பவரே அவர். அவரைப் போல் நற்பேறற்ற வானநூலார் வேறொருவர் இலர். ஆயினும் காத்திருந்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. தமிழர் ஒருவரிடம் அவர்கள் கணித முறையைக் கற்றார். 1765ஆம் ஆண்டு ஆகத்து 30ஆம் நாளைய சந்திர கிரகணத்தின் கால அளவு, தமிழர் கணக்கில் 41 வினாடி குறைந்தும், அக்காலத்து ஐரோப்பாவிற் சிறந்ததாகக் கொள்ளப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணைப்படி 68 வினாடி கூடியும் இருந்ததாக அவர் பதிந்துள்ளார். ஒரு கிரகணத்தைக் கொண்டு ஒரு முறையை நிறுப்பது நேர்மையன்று. 1825இற் பெரிதும் பிழைத்ததும் இம்மரபின் கணக்கே.

இனி வாரனின் தீர்ப்புக்கு வருவோம். ‘விளங்காமற் செய்கின்றார்’ என்பது அதன் சாரம். இதே கருத்தை 1980இல் ஜோன் சேர்ள் என்னும் அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஒரு கற்பனையாற் கூறினார். சீன மொழி அறியாத ஒருவன் அறையொன்றினுள் அமர்ந்து, விதிநூலைப் பார்த்துச் சீன எழுத்துக்களை மாற்றியடுக்கி விடை அனுப்புகின்றான். வெளியே நிற்பவர் அவனுக்குச் சீனம் தெரியும் என நம்புவர். அவனுக்கோ ஓரெழுத்தும் தெரியாது. கணினியும் அத்தகையதே என்றார் சேர்ள். அவர் கற்பனை செய்த மனிதரை வாரன் நேரிற் கண்டதாகக் கருதினார் என்று நாம் சொல்லலாம். வேறுபாடு என்னவெனில், சேர்ள் தம் அறைக்குள் இருப்பவனுக்குச் சீனம் தெரியாதென்று தாமே விதித்துக் கொண்டார். புதுச்சேரிக் கணிதருக்கு ஒன்றும் விளங்காதென்பதை வாரன் எதனைக்கொண்டு அறிந்தார்? சூரிய சித்தாந்தம் போன்ற நூல்களின் கொள்கையை அவர் எடுத்துரைக்கவில்லை என்பதே காரணமாயிருத்தல் வேண்டும். ஆட்சி செலுத்தும் இனத்தைச் சார்ந்த துரை ஒருவர் வினவ, மொழிபெயர்ப்பின் இடையே விடையிறுத்த ஒருவரின் மௌனத்தை அறியாமையாகக் கொள்வது எளிது. எனினும் வாரனை முற்றாகப் பழித்தலும் முறையன்று. அவர் எழுதி வைத்திராவிடின் அச்சோகிக் கணக்கு நமக்குக் கிடைத்திராது.

கொள்கையைச் சொல்லத் தெரிதல் ஒன்று. தொழிலைச் செய்யத் தெரிதல் மற்றொன்று. திறமையுடையோர் மனத்தில் நிகழ்வதைச் சென்ற நூற்றாண்டின் உளவியலார் சோதித்துப் பார்த்தனர். டச்சு நாட்டு டி குரூட் 1946இற் சதுரங்க வல்லுநரை ஆராய்ந்தார். ஆட்டப் பலகையைச் சில வினாடி மாத்திரம் பார்த்த வல்லுநர், காய்களின் நிலையை ஏறக்குறையப் பிழையின்றி மீண்டும் அடுக்கினர். 1973இற் சேஸ், சைமன் என்போர் காய்களை ஒழுங்கின்றிச் சிதறவைத்துக் காட்டியபோது வல்லுநரின் மேம்பாடு பெரும்பாலும் மறைந்தது. அவர்களுடையது வெறும் நினைவாற்றலன்று, பொருளுடைய வடிவங்களைப் பற்றும் ஆற்றல் என்பது அதனாற் புலனாயிற்று. 1980இல் இலண்டனில் இரண்டு பதின்மூன்றிலக்க எண்களை 28 வினாடியிற் பெருக்கிய சகுந்தலா தேவியை ஆர்தர் ஜென்சன் பின்னர்ச் சோதித்தார். எளிய செயல்களில் அவருடைய வேகம் சாதாரண மக்களின் வேகத்தினும் மிக்கதாகக் காணப்படவில்லை. எண்ணோடு பழகிய பழக்கமே அவரிடம் வேறாயிருந்தது. ஆகவே, ‘நினைவாற்றல் மாத்திரமே’ என்று வாரன் சொன்ன அந்த மாத்திரத்துள், அவர் காணாத ஓர் உலகம் இருந்திருத்தல் கூடும்.

மனனமே போதும் என்று யான் வாதிடுவதாகக் கொள்ளற்க. வாக்கியத்தை வகுத்தவர் ஒருவர், அதனை எடுத்தாண்டவர் ஒருவர், வானத்தோடு ஒப்புநோக்கித் திருத்தியவர் ஒருவர். மூவரும் இருந்தபோதே கலை வளர்ந்தது. கேரளத்துப் பரமேசுவரர் ஐம்பத்தைந்தாண்டு கிரகணங்களை நோக்கி, கண்டதற்கும் கணித்ததற்கும் உள்ள வேற்றுமையைக் களைந்து, 1431இல் ‘திருக்கணிதம்’ என்னும் முறையை அமைத்தார். இதிலுள்ள ‘திரு’ நம் மரியாதைச் சொல்லன்று. திருக்கு, அதாவது பார்வை. கண்ணாற் கண்டு ஒப்பிட்ட கணிதம் என்பதே பொருள். சென்னை வானோக்கு நிலையத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி இரகுநாதாசாரியர் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அவரே கண்ணோட்டக் கணிதத்தின்படி பஞ்சாங்கம் திருந்தவேண்டும் என முயன்று, 1874இல் வெள்ளியின் கடப்பைப் பற்றித் தமிழிலும் நூல் எழுதினார். கணிப்பவர் என்ற பதவிப்பெயர் அன்று மனிதருக்கே உரியதாயிருந்தது. இந்திய நில அளவைத் துறையில் 1831இல் ‘கம்பியூட்டர்’ என்னும் பதவியிற் சேர்ந்த இராதாநாத் சிக்தார், பின்னர் எவரெஸ்ட் எனப்பட்ட மலையின் உயரத்தைக் கணித்தவராகப் போற்றப்படுகின்றார். பெயர் பொறிக்குச் சென்றது பிற்காலத்திலேயே.

நம் நாட்டிலும் அப்பழைய வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. கொக்குவில் இரகுநாதையர் பெயரால் வரும் வாக்கிய பஞ்சாங்கமும், மட்டுவிலிலிருந்து வரும் திருக்கணித பஞ்சாங்கமும் அருகருகே விற்பனையாகின்றன. சில ஆண்டுகளில் விரதநாள் வேறுபடும். அயல்வீட்டில் ஒருநாள், நம் வீட்டில் மறுநாள். இரண்டிலும் எது சரி என்று மாணவர் வினவுவர். கிரகணத்தை நோக்கினாற் திருக்கணிதமே சரி. மரபை நோக்கினால் அவரவர் கோயில் வழக்கு. யான் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வதுண்டு.

இப்போது பொறியை நோக்குவோம். 1956இல் அமெரிக்காவின் டாட்மத் கல்லூரியில் ‘செயற்கை நுண்ணறிவு’ என்னும் பெயரோடு அறிஞர் கூடினர். வல்லுநர் அறிந்தவற்றை விதிகளாக எழுதிக் கணினிக்கு ஊட்டலாம் என்பது நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை. அம்முறையிற் செய்த பொறி ஒருவகையில் வாக்கியக் கணிதரை ஒத்தது; விதி எங்கே பிழைத்தது என்று விரலால் தொட்டுக் காட்டலாம். 1997இற் கஸ்பரோவை வென்ற டீப் புளூவும் பெரும்பாலும் எழுதிவைத்த விதியையும் அசுர வேகத் தேடலையுமே நம்பியது. இன்றைய மொழிப் பொறிகளோ வேறு. அளவிறந்த நூல்களையும் எழுத்துக்களையும் ஊட்டி, அடுத்து வரத்தக்க சொற்கூறு யாது என ஊகிக்குமாறு பழக்கி, அப்பழக்கத்தைக் கோடிக்கணக்கான எண்களாக உள்ளே பதித்து வைத்துள்ளனர். எந்த எண் எந்த விடைக்குக் காரணம் என்பதை அவற்றைச் செய்தோரும் முழுமையாகச் சொல்ல வல்லரல்லர்.

ஈண்டு ஒரு தலைகீழ் மாற்றத்தைக் காண்கின்றோம். புதுச்சேரிக் கணிதர் கொள்கை பேசவில்லை. ஆனால் அவர் செயலின் ஒவ்வொரு படியும் தரையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியக் கிடந்தது. அதனாலேயே வாரன் அதனைப் பார்த்து எழுதவும், நொய்கெபவர் அதிலிருந்து பாபிலோன் வரை செல்லவும் இயன்றது. இன்றைய பொறி கொள்கையைக் குறைவின்றிப் பேசும். சந்திர வாக்கியம் என்றால் என்ன என்று கேட்டாற் பக்கம் பக்கமாக எழுதும். இடையில் இல்லாத நூலொன்றை இருப்பதாகவும் அதே குரலிற் கூறிவிடும். அதன் சோகிகளோ நம் கண்ணுக்குப் புலப்படா. கொள்கையை எடுத்துரைத்தலே விளக்கத்தின் அடையாளம் என்ற வாரனின் அளவுகோலைக் கொண்டால், பொறியை அறிஞன் எனவும் கணிதரை மூடன் எனவும் கூறவேண்டி வரும். அளவுகோலிலேயே கோணல் உண்டு என்பது என் கருத்து.

வகுப்பில் இதன் பயனை அன்றாடம் காண்கின்றேன். ஒரு மாணவன் இருபடிச் சமன்பாட்டின் தீர்வைப் படிமுறையோடு அழகாக எழுதி வந்தான். எண்ணை மாற்றிக் கரும்பலகையிற் செய்யச் சொன்னேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டான். மற்றொருத்தி, படிமுறை எழுதத் தெரியாதவள், விடையை மனத்திலே கண்டு சொல்லி, எப்படி என்று கேட்டால் விழிப்பாள். பரீட்சைத் திட்டத்தில் முன்னவனுக்கே புள்ளி கூடும். இவ்விருவரையும் எவ்வாறு மதிப்பிடுவது என்பதில் யான் இன்னும் தெளிவடைந்தேனல்லேன்.

2009ஆம் ஆண்டு எங்களூர் மக்களோடு செட்டிகுளத்து முகாமில் இருந்த காலத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுதல் தகும். ஆடி அமாவாசை அணித்தாயிற்று. அவ்வாண்டு தந்தையரை இழந்தோர் எங்கள் கூடாரங்களிற் பலர். எள்ளும் நீரும் இறைக்க நாள் தெரியவேண்டும். எவரிடமும் பஞ்சாங்கம் இல்லை. எங்களூர் முதியவர் ஒருவர், நெற்செய்கையன்றி வேறு தொழில் அறியாதவர், முன்னொரு அமாவாசை முடிந்த நாழிகையை நினைவிலே கொண்டிருந்தார். ஒவ்வொரு திங்களுக்கும் 29 நாளும் 31 நாழிகையும் 50 வினாழிகையும் கூட்டிக் கூட்டிக் கூடார வாயிற் புழுதியிலே கூழாங்கற்களை வைத்தார். மாலைதோறும் பிறையைப் பார்த்து ஒரு கல்லைத் தள்ளியும் வைத்தார். ஏன் என்று கேட்டேன். ‘சராசரிக் கணக்கு அரைநாள் பிசகும் தம்பி, கண்ணாலையும் பாக்கவேணும்’ என்றார். அமாவாசை செவ்வாய் பகலிற் புகும், புதன் காலை வரை நிற்கும் என்பது அவர் முடிவு. செவ்வாய் நண்பகலில், எங்களுக்குக் கிடைத்த சிறிதளவு தண்ணீரில், பலரும் தந்தையர்க்குக் கடன் கழித்தனர்.

மறுநாள் யூலை 22, புதன். அன்று ஞாயிறு ஒருபக்கம் குறைந்தே எழுந்தது. சூரிய கிரகணம் வரும் என்று முதியவர் கூறியிருக்கவில்லை. அது அவருக்குத் தெரியவும் தெரியாது. சூரிய கிரகணம் அமாவாசை முடியும் வேளையை ஒட்டியே நிகழும் என்பது மாத்திரம் அவருக்குத் தெரியும். நெடுநேரம் நெற்றியிற் கைவைத்து நோக்கியிருந்தார். பின்னர் வாயிலில் அமர்ந்து, கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியிற் கட்டிக்கொண்டு, அடுத்த பறுவத்துக்கு முதற் கல்லை வைத்தார்.